ஆஸ்பத்திரிச் சாவுக்குக் கணக்குக் கேளுங்கள்

(ஆஸ்பத்திரித் தொழிலாளர்களும் பொதுஜனங்களும் கூடிய கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பாதுகாப்பு" என்பதாகும். நான் வைத்தியப் படிப்புப் படித்தவனல்ல. பள்ளிக்கூடப் படிப்பே எனக்குச் சொற்பம். ஆகவே டாக்டர்களுக்கு வைத்தியம் கற்றுக் கொடுக்க நான் இங்கு வரவில்லை. ஆனால் வைத்தியம் தெரியாதவனுக்கும் கணக்குக் கேட்க உரிமை உண்டு. கோவில் தர்மகர்த்தாவிடம் கணக்குக் கேட்பதற்கு மந்திரம் தெரிந்திருக்க வேண்டுமா? கூட்டுறவு ஸ்டோர் காரியதரிசியிடம் கணக்குக் கேட்பதற்கு வியாபாரம் தெரிந்திருக்க வேண்டுமா? பணத்தை ஒப்படைத்தவன் கணக்குக் கேட்கலாமென்றால், உயிரை ஒப்படைத்தவன் ஏன் கேட்கக் கூடாது? இதுதான் நான் பேசப்போகும் விஷயத்தின் சாரம்.

தோழர்களே! நம் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்ப் பிணமாகத் திரும்பினால் நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலோர், "ஆயுசு அவ்வளவுதான், சித்திரகுப்தன் ஏட்டில் எழுதினபடி நடந்தது" என்று தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். சிலர் ஆத்திரம் தாங்காமல் கதவை உடைத்து, கண்ணாடியை நொறுக்கி, இரவெல்லாம் தூக்கமில்லாமல் வேலை பார்த்த ஒரு சின்ன டாக்டரைப் பிடித்து உதைக்கிறார்கள். முதலில் சொன்னது விதிவாதம், இரண்டாவது முரட்டுவாதம். பார்வைக்கு இரண்டும் எதிரெதிராகத் தோன்றலாம். ஆனால் இரண்டினுடைய பலனும் ஒன்றுதான். விதி என்று அழுது விட்டுப் போனாலும், டாக்டரை அடித்துவிட்டுப் போனாலும், அடுத்த வாரம் அதே கட்டிலில் அதே காரணத்தால் இன்னொருவன் சாவதை அது தடுக்காது. சித்திரகுப்தன் ஏட்டை நம்புகிறவன் ஆஸ்பத்திரி ஏட்டைப் புரட்டிப் பார்க்கமாட்டான். கோபத்தில் அடிக்கிறவனும் புரட்டிப் பார்க்கமாட்டான். அந்த ஏட்டைப் புரட்டு என்று சொல்லுவதற்குத்தான் பகுத்தறிவு என்று பெயர்.

ஆஸ்பத்திரியில் நேரும் எல்லாச் சாவும் தப்பினால் வருவதென்று நான் சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதன் சாகத்தான் செய்வான். மருந்துக்கு அடங்காத வியாதிகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் வியாதியினால் வந்த சாவு எது, வைத்தியத்தில் நேர்ந்த கோளாறினால் வந்த சாவு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா? உலக சுகாதார ஸ்தாபனம், சிகிச்சைக்குப் போகும் நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சிகிச்சையாலேயே ஏதாவதொரு தீங்கு நேருகிறதென்றும், பாதுகாப்பில்லாத சிகிச்சையால் உலகத்தில் வருஷத்திற்கு 30 லட்சத்திற்கு மேற்பட்டவர்கள் சாகிறார்களென்றும் மதிப்பிட்டிருக்கிறது. பணக்கார தேசமான அமெரிக்காவிலேயே 1999-ம் வருஷத்தில் வெளிவந்த ஒரு பேர்பெற்ற அறிக்கை, ஆஸ்பத்திரித் தப்புகளால் அங்கு வருஷத்திற்கு 44,000 முதல் 98,000 பேர்கள் வரை சாகிறார்களென்று மதிப்பிட்டது. இவ்வளவு பேருக்கும் ஒரே மாதிரித் தலையெழுத்தை எழுதினவன் யார் என்று கேட்கிறேன்.

கணக்குப் பார்ப்பதினால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கலாம். அதற்குப் பழைய உதாரணம் ஒன்று சொல்லுகிறேன். ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்திற்கு இரண்டு பகுதிகள் இருந்தன. முதல் பகுதியில் டாக்டர்களும் வைத்திய மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவது பகுதியில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். படித்தவர்கள் பார்த்த இடத்தில் தாய்மார்கள் அதிகமாகப் பிழைத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? ஏடு வேறு விதமாகச் சொல்லிற்று. 1846-ம் வருஷத்தில் டாக்டர்கள் பகுதியில் 100க்கு 11 பேருக்கு மேல் பிரசவ ஜுரத்தில் செத்தார்கள். மருத்துவச்சிகள் பகுதியில் 100க்கு 3 பேருக்கும் குறைவு. இந்தச் சங்கதி ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தெரியும். முதல் பகுதியில் தங்களைச் சேர்க்க வேண்டாமென்று அவர்கள் காலில் விழுந்து கெஞ்சினார்கள்.

அங்கே செம்மல்வைஸ் என்ற ஒரு சின்ன டாக்டர் இருந்தார். அவர் இதை விதியென்று விட்டுவிடவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். சாகிறவர்களுக்குச் சடங்கு செய்யப் பாதிரியார் மணி அடித்துக்கொண்டு முதல் பகுதி வழியாகப் போகிறார், அந்தப் பயத்தினால்தான் பெண்கள் சாகிறார்கள் என்றார்கள். சரி, மணி இல்லாமல் வேறு வழியாகப் போகட்டும் என்று ஏற்பாடு செய்து பார்த்தார். சாவு குறையவில்லை. படுக்க வைக்கும் விதத்தை மாற்றிப் பார்த்தார். அப்பொழுதும் குறையவில்லை. 1847-ம் வருஷத்தில் அவருடைய சிநேகிதரான ஒரு பேராசிரியர், பிணப் பரிசோதனையின்போது விரலில் கத்தி கீறி, அதே மாதிரி ஜுரத்தில் செத்தார். அதைக் கண்டதும், பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்க்கும் கைதான் எமன் என்று கண்டுகொண்டார். சுண்ணாம்பில் குளோரின் கலந்த தண்ணீரில் கையைக் கழுவிவிட்டுத்தான் பிரசவ அறைக்குள் வரவேண்டுமென்று மே மாதத்தில் உத்தரவு போட்டார். ஏப்ரல் மாதத்தில் 100க்கு 18 ஆயிருந்த சாவு ஜூன் மாதத்தில் 100க்கு 2 ஆயிற்று. அதற்கு மந்திரம் தேவைப்படவில்லை, புது மருந்தும் தேவைப்படவில்லை. ஏட்டுக் கணக்கும், ஒரு தொட்டித் தண்ணீரும், ஒரு கட்டுப்பாடுமே போதுமானதாயிருந்தன.

ஆனால் அந்த மனிதருக்குக் கிடைத்த மரியாதை என்ன? "கனவான்களின் கையாவது, அழுக்காயிருப்பதாவது?" என்று பெரிய டாக்டர்களில் பலர் அவர் பேச்சை ஒப்புக்கொள்ளவில்லை. 1850-ல் அவர் வியன்னாவை விட்டே போய்விட்டார். 1865-ல் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் செத்தார். உண்மையைக் கண்டுபிடிப்பதைவிட, அதைப் பெரிய மனிதர்களை ஒப்புக்கொள்ளச் செய்வதுதான் கஷ்டம் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

நிற்க, இது பழைய காலத்துக் கதை, இப்பொழுது விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்று யாராவது சொல்லலாம். ஆகையால் சமீப காலத்து உதாரணத்திற்கு வருகிறேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற நகரத்தில் ராஜாங்க ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. பச்சைக் குழந்தைகளுக்கு இருதயத்தில் ரண சிகிச்சை செய்வதற்கென்று சர்க்கார் 1984-ல் பொறுக்கியெடுத்த ஸ்தலங்களில் அதுவும் ஒன்று. 1988-ல் ஸ்டீபன் பால்சின் என்ற மயக்க மருந்து டாக்டர் அங்கு வேலைக்கு வந்தார். ஆபரேஷன்கள் மற்ற இடங்களைவிட அதிக நேரம் நடப்பதையும், குழந்தைகள் அதிகமாகச் சாவதையும் பார்த்தார். 1990-ல் ஆஸ்பத்திரித் தலைவருக்கே எழுதினார். பலன் இல்லை. பிறகு தாமே கணக்கெடுக்க ஆரம்பித்தார். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு பலரிடம் போனார். வருஷங்கள் ஓடின. 1995-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று முந்தின நாள் கூட்டம் போட்டார்கள். பால்சின் வேண்டாமென்றார். மற்றவர்கள் செய்யலாமென்றார்கள். மறுநாள் அந்தக் குழந்தை செத்தது. அதற்குப் பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது.

சர்க்கார் விசாரணைக் கமிஷன் வைத்தது. இயான் கென்னடி என்ற சட்டப் பேராசிரியர் தலைமையில் நடந்த அந்த விசாரணையின் அறிக்கை 2001-ல் வெளிவந்தது. 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், மற்ற ஸ்தலங்களின் கணக்குப்படி எதிர்பார்க்கக் கூடியதற்கு மேல் 30 முதல் 35 குழந்தைகள் அங்கு அதிகமாகச் செத்திருக்கின்றன என்று அது கண்டது. அதற்கு முன்பே, 1998-ல், மூன்று டாக்டர்கள் பேரில் குற்றம் ருஜுவாகி அவர்களில் இருவருடைய பெயர் வைத்தியர் பதிவிலிருந்தே நீக்கப்பட்டது. நீக்கப்பட்டவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரித் தலைவர்.

தோழர்களே! இங்கு ஒரு விஷயத்தைக் கூர்ந்து கவனியுங்கள். அந்தக் கமிஷன், இவர்களெல்லாம் கொலைகாரர்கள் என்று சொல்லவில்லை. இவர்கள் அக்கறையுள்ளவர்கள்தான், பாடுபட்டு வேலை செய்தவர்கள்தான் என்று சொல்லிற்று. பின் எதைக் குற்றம் சொல்லிற்று? குழந்தைகளின் இருதய வைத்தியர்கள் ஒரு கட்டிடத்திலும் ரண சிகிச்சை டாக்டர்கள் வேறு கட்டிடத்திலும் இருந்த ஏற்பாட்டைச் சொல்லிற்று. அதிகாரம் ஒரு சிலர் கையில் அடங்கி, வெளியாள் பேச்சு எடுபடாத பழக்கத்தைச் சொல்லிற்று. சிகிச்சையின் தரத்தைக் கண்காணிக்க வேண்டிய பொறுப்பு இன்னாருடையது என்று யாருக்குமே தெரியாதிருந்ததைச் சொல்லிற்று. ஆகவே நல்லவர்கள் கையிலும் குழந்தை சாகும், ஏற்பாடு கெட்டதாயிருந்தால். டாக்டர் நல்லவரா கெட்டவரா என்று நாம் கேட்கிற கேள்வி போதாது. கணக்கு இருக்கிறதா, அதை யார் பார்க்கிறார், பார்த்துவிட்டு என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

இந்தக் காலத்தில்தான், 1998-ம் வருஷத்தை ஒட்டி, இங்கிலாந்தில் "கிளினிக்கல் கவர்னன்ஸ்" என்ற ஒரு ஏற்பாடு வந்தது. பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். சிகிச்சையின் தரத்திற்கு ஆஸ்பத்திரி நிர்வாகமே ஜவாப்தாரி என்பதுதான் அதன் பொருள். அதுவரை ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்கள் சட்டப்படி பணக் கணக்குக்குத்தான் ஜவாப்தாரிகள். 1999-ல் வந்த சட்டம், தரத்தைக் காப்பதும் அவர்கள் கடமை என்று வைத்தது. அதாவது சிகிச்சையின் பலனைக் கணக்கெடுக்க வேண்டும். தப்பு நேர்ந்தால் மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும். மயிரிழையில் தப்பினதையும் எழுத வேண்டும். நோயாளியின் புகாரைக் குப்பைக் கூடையில் போடாமல் படிக்க வேண்டும். டாக்டரும் நர்சும் வேலையில் இருக்கும்வரை படித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2014 முதல் இன்னுமொரு விதியும் சேர்ந்தது. பெருந்தீங்கு நேர்ந்தால் அதை நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ ஆஸ்பத்திரியே ஒளிக்காமல் சொல்லி வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பதாகும்.

பலன் உண்டா என்றால், உண்டு. அதே பிரிஸ்டலில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருதயத்தைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் 1991–95ல் 100க்கு 29 ஆயிருந்த சாவு, 1999–2002ல் 100க்கு 3 ஆயிற்று. ஊரும் குழந்தைகளின் வியாதியும் மாறவில்லை. ஆளும் ஏற்பாடும் கண்காணிப்பும் மாறின. விதி இருக்குமானால் அது பிரிஸ்டலில் நாலைந்து வருஷத்தில் இவ்வளவு இளகினதெப்படி?

ஆனால் ஒன்று. எந்த நல்ல ஏற்பாட்டையும் சடங்காக்கிவிட மனிதனுக்குத் தெரியும். அதே இங்கிலாந்தில் ஸ்டாபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் தண்ணீருக்கும் துணைக்கும் ஆளில்லாமல் தவித்திருக்கிறார்கள். காகிதமெல்லாம் ஒழுங்காக இருந்தது. நிர்வாகம் வரவு செலவையும் சர்க்கார் வைத்த இலக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்ததே ஒழிய, கட்டிலில் கிடந்தவர்களைப் பார்க்கவில்லை. ராபர்ட் பிரான்சிஸ் என்ற வக்கீல் விசாரித்து 2013-ல் 290 சிபார்சுகளை எழுத வேண்டி வந்தது. ஆகவே, கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் புண்ணியம் என்று நினைக்கிறவனுக்கும், குளத்தில் முழுக்குப் போட்டால் பாவம் போகும் என்று நினைக்கிறவனுக்கும் வித்தியாசமில்லை. எழுதினதைச் செய்ய வேண்டும். செய்ததைத்தான் எழுத வேண்டும்.

இனி இங்கு கூடியிருக்கும் ஆஸ்பத்திரித் தோழர்களுக்கு முக்கியமான விஷயத்தைச் சொல்லுகிறேன். நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு விதமான ஜாதி இருக்கிறது. பெரிய டாக்டர் உச்சியில். அவருக்குக் கீழே சின்ன டாக்டர். அதற்குக் கீழே நர்ஸ். அதற்கும் கீழே வார்டு ஊழியர். எல்லோருக்கும் கீழே துப்புரவுத் தொழிலாளி. கீழே இருப்பவன் மேலே இருப்பவனைக் கேள்வி கேட்டால் அது அபசாரம். பெரிய டாக்டர் இடது காலுக்குப் பதில் வலது காலில் கத்தியை வைக்கப் போனாலும், "ஐயா, அது அந்தக் கால் அல்ல" என்று சொல்ல நர்சுக்கு வாய் வராது. அந்த மரியாதைக்கு விலை யார் கொடுக்கிறார்கள்? மேஜையில் மயங்கிக் கிடக்கிறவன் கொடுக்கிறான்.

இதற்கும் பரிகாரம் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில், இரத்தக் குழாயில் செலுத்தும் குழாய் மூலமாக விஷக் கிருமி ஏறிச் சாவதைத் தடுக்க ஐந்தே ஐந்து விதிகள் வைத்தார்கள். முதல் விதி கை கழுவுவது. மற்றவைகளும் அப்படிப்பட்ட சாதாரண சங்கதிகளே. ஆனால் அதோடு ஒரு அதிகாரத்தையும் சேர்த்தார்கள். டாக்டர் ஒரு விதியைத் தவறவிட்டால், அவசர கேஸ் தவிர மற்றதில், "நிறுத்துங்கள்" என்று சொல்ல நர்சுக்கு உரிமை கொடுத்தார்கள். 100க்கு மேற்பட்ட தீவிர சிகிச்சை வார்டுகள் இதில் சேர்ந்தன. அவைகளைத் தொற்றுக் கணக்குப்படி வரிசைப்படுத்தினால், நடுவில் நின்ற வார்டில் 1,000 நாளைக்கு 2.7 ஆயிருந்தது மூன்று மாதத்தில் பூஜ்யமாயிற்று. அதாவது பாதி வார்டுகளிலாவது ஒன்றுகூட இல்லை. இது 2006-ல் வெளிவந்த கணக்கு. உலக சுகாதார ஸ்தாபனமும் ஆபரேஷனுக்கென்று 19 சங்கதிகள் கொண்ட ஒரு பட்டியலைச் செய்தது. இவர் யார், எந்த இடத்தில் ஆபரேஷன், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியில் கத்தியும் பஞ்சும் எண்ணிக்கை சரியா என்று மூன்று தடவை நின்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அறையில் உள்ளவர்கள் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் சோதித்ததில் சாவு 100க்கு 1.5 என்பது 0.8 ஆகக் குறைந்ததென்று 2009-ல் வெளியிட்டார்கள். கீழே நிற்கிறவன் வாயைத் திறந்தால் மேலே படுத்திருக்கிறவன் பிழைக்கிறான். சுயமரியாதையினால் உயிர் பிழைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் தேசத்தில் நடக்கும், நம் நாட்டில் நடக்காது என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் தமிழ்நாட்டையே காட்டுகிறேன். பிரசவத்தில் தாய் செத்தால் இங்கு அதை விசாரிக்கும் முறை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது, வீட்டிலிருந்து கிளம்ப எவ்வளவு நேரம் ஆயிற்று, வண்டி எப்பொழுது வந்தது, இரத்தம் கிடைத்ததா என்று கேட்கிறார்கள். ஜில்லா கலெக்டர் வரையில் விசாரணை போகிறது. செத்தவளுடைய குடும்பத்தாரையும் கேட்கிறார்கள். 2004–06ல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 111 தாய்மார் இங்கு செத்தார்கள். 2018–20ல் அது 54. இதற்கு விசாரணை மட்டுமே காரணமென்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகினதும், இரத்தமும் வண்டியும் கிடைத்ததும், நம் பெண்கள் படித்ததும் காரணம். ஆனால் எங்கே ஓட்டை என்று காட்டுவது விசாரணை. பிள்ளைப்பேறு மறுபிறப்பு என்று பழமொழி சொல்லி அழுதுகொண்டிருந்த நாட்டில், அந்தச் சாவையே பாதியாகக் குறைக்க முடிந்ததென்றால், மற்றச் சாவுகளுக்கு மட்டும் ஏன் கணக்கு வேண்டாம்?

ஆட்சேபணைகள் சில சொல்லப்படுகின்றன. தப்பை எழுதி வைத்தால் வழக்குப் போடுவார்களே என்கிறார்கள். மறைத்தால் மட்டும் போடமாட்டார்களா? ஒளித்து வைத்து அகப்பட்டவனைத்தான் உலகம் திருடன் என்கிறது. ஜனங்கள் பயந்து ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள் என்கிறார்கள். வியன்னாப் பெண்களுக்குக் கணக்கை யாரும் சொல்லவில்லை, இருந்தும் பயந்தார்கள். பயம் கணக்கினால் வருவதல்ல, மூடுமந்திரத்தினால் வருவது. ஒரு நர்சுக்கு ஐம்பது நோயாளி, இதில் ஏடு எழுத நேரம் ஏது என்கிறார்கள். இதுதான் நியாயமான ஆட்சேபணை. ஆனால் அது ஏடு வேண்டாமென்பதற்குக் காரணமாகாது. ஆள் வேண்டுமென்பதற்குத்தான் காரணமாகும். ஐம்பது பேருக்கு ஒரு நர்ஸ் இருந்த இரவில் எத்தனை மருந்து தவறிற்று என்ற கணக்கு இருந்தால்தானே சர்க்காரிடம் போய் "ஆள் கொடு" என்று கேட்க முடியும்? கணக்கில்லாதவன் கோரிக்கை புலம்பலாகத்தான் முடியும்.

தப்புச் செய்தவனைத் தண்டிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். குடித்துவிட்டு வேலைக்கு வந்தவனையும், தெரிந்தே பொய் எழுதினவனையும் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே மாதிரிப் புட்டியில் ஒரே மாதிரிச் சீட்டு ஒட்டின இரண்டு மருந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இருட்டில் மாற்றி எடுத்த நர்சை மட்டும் வேலையை விட்டு நீக்கினால் என்ன பிரயோஜனம்? அந்த நர்ஸ் போய்விடுவாள், புட்டி அங்கேயே இருக்கும். அடுத்த நர்ஸ் வருவாள். அன்றியும், உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று தெரிந்த இடத்தில் எவன் உண்மையைச் சொல்லுவான்? பிரிஸ்டலில் உண்மையைச் சொன்ன பால்சின் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் வேலை செய்தார். சொன்னவனை ஊரைவிட்டு அனுப்புகிற நிர்வாகம் அடுத்த சாவுக்கு இடம் ஒதுக்கி வைக்கிற நிர்வாகமாகும்.

ஆகவே தோழர்களே! பொதுஜனங்களாகிய உங்களுக்கு நான் சொல்லுவது இதுதான். டாக்டரைச் சாமியென்று கும்பிடாதீர்கள், எமனென்று அடிக்காதீர்கள். அவரும் மனிதர் என்று வைத்துக்கொண்டு கேளுங்கள். ஊசி போட வந்தால் "இது என்ன மருந்து, யார் பெயருக்கு எழுதினது?" என்று கேளுங்கள். இரத்தம் ஏற்றினால் பெயரையும் வகையையும் சரி பார்க்கச் சொல்லுங்கள். தொடுமுன் கை கழுவினீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை என்று நினைக்கிற டாக்டருக்கு மரியாதை என்றால் என்னவென்று இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தோழர்களே, உங்களுக்குச் சொல்லுவது: கண்டதைச் சொல்லுங்கள்; சொன்னதை எழுதுங்கள்; எழுதினதற்காக ஒருவனைத் தண்டித்தால் சங்கமாக நில்லுங்கள். சம்பளத்திற்குப் போராடுவது போலவே இதற்கும் போராடுவது உங்கள் கடமை. ஏனென்றால் நாளைக்கு அந்தக் கட்டிலில் கிடக்கப் போவது உங்கள் தாயாகவும் இருக்கலாம்.

சர்க்காருக்கும், ஆஸ்பத்திரி நடத்தும் முதலாளிகளுக்கும் சொல்லுவது: பிரசவச் சாவுக்குக் கணக்கெடுப்பது போல், ஆபரேஷன் சாவுக்கும், மருந்து மாறின தீங்குக்கும், ஆஸ்பத்திரியில் தொற்றின ஜுரத்திற்கும் கணக்கெடுத்து வருஷா வருஷம் ஜனங்கள் முன் வையுங்கள். 337 நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து, அதில் தாம் கண்ட 123 தப்புகளைத் தாமே அச்சடித்து வெளியிட்ட காட்மன் என்ற டாக்டர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 100 வருஷங்களுக்கு முன்பே இருந்திருக்கிறார். அவர் ஒருவர் தனியாகச் செய்ததைப் பெரிய கட்டிடமும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிற நீங்கள் செய்ய முடியாதா?

செத்தவனை எழுப்ப எந்தக் கணக்காலும் முடியாது. ஆனால் அவன் ஏன் செத்தான் என்று எழுதி வைத்தால் அவனுக்குப் பின்னால் வருகிறவன் பிழைப்பான். என் வார்த்தைகளை நான் சொன்னேன் என்பதற்காக ஒப்புக்கொள்ளாமல், வீட்டுக்குப் போய் யோசித்துச் சரியென்று பட்டால் மாத்திரம் செய்யுங்கள் என்று கேட்டு முடித்துக்கொள்ளுகிறேன்.